குழப்படி நாய் என்று ஒன்றில்லை

உன்னிச்சைப் பக்கம் ஒரு பெரிய சாதி நாய்க்குட்டி வந்தால் அதன்ர வாழ்க்கை எப்படிப் போகும் என்று இப்பவே எழுதித் தரலாம். இரண்டாம் மாதம் டவுனிலிருந்து பெட்டிக்குள் வரும். ஒரு கிழமை முழுக்க ஆளுக்காள் தூக்கி வைத்து டிக்டொக் போடுவார்கள். நாலாம் மாதம் செருப்பைக் கடிக்கும், கோழியைத் துரத்தும், பள்ளிக்கூடம் போற புள்ளையின்ர வெள்ளைச் சட்டையில் சேற்றுக் காலோடு பாயும். "சரியான குழப்படி" என்று பெயர் எடுக்கும். ஆறாம் மாதம் மாமரத்தடியில் சங்கிலி. மறுகா சாகும்வரைக்கும் அந்த மரத்தடிதான். கேட்டால், காவலுக்காம்.

(சாதி நாய் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர் நாய் தெருவில் தன்பாட்டில் திரியலாம். காசு கொடுத்து வாங்கின சாதி நாய்தான் கட்டில் கிடக்க வேண்டும். நாயிலும் சாதி பார்த்து, பார்த்த சாதிக்கே தண்டனையும் கொடுக்கிற சனம் நாங்கள்.)

குழப்படி என்று எதைச் சொல்கிறோம்? நம்மட ஆக்கள் விரும்பி வாங்குற ஜெர்மன் ஷெப்பர்ட் 1899இல் ஜெர்மனியில் முறையான இனமாகப் பதியப்பட்டது. அதற்கு முன்னால் அந்த நாய்களின் வேலை ஆட்டுப்பட்டியைச் சுற்றிச் சுற்றி நாள் முழுக்க நடப்பது. லாப்ரடோர் சுட்டு விழுத்திய பறவையைத் தண்ணிக்குள் இறங்கி எடுத்து வருவதற்கு வளர்த்தெடுத்த நாய். தலைமுறை தலைமுறையாக நடக்கவும் ஓடவும் தெரிந்தெடுத்த உடம்பை ஆறடிச் சங்கிலியில் கட்டி வைத்துவிட்டு, அது குதிக்குது என்று முறைப்பாடு வேற. எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு நாய் நிற்கிறது. சங்கிலி எட்டுமட்டும் மண் வட்டமாகத் தேய்ந்திருக்கும். அந்த வட்டத்துக்குள் ஒரு புல்லும் இல்லை.

காவல் என்கிறீர்களே, அதையும் பார்ப்போம். தமிழில் காவலுக்குப் பெயர்போன நாய் ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. மாட்டுச் சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பக்கத்தில் அவன்ர நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற பெயரையும் வெட்டி, இரண்டு கள்ளரை அது கடித்த கதையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோவிவன் மாட்டோடும் மனிசனோடும் திரிந்த நாய். ஆர் தன்ர ஆள், ஆர் கள்ளன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மரத்தடி நாய்க்கு அது எப்படித் தெரியும்? தபால்காரன், மீன்காரன், பந்து எடுக்க வந்த சின்னப் பொடியன் எல்லாரும் அதற்குக் கள்ளர்தான்.

இது அறிவியலும் சொன்ன விஷயம்தான். அமெரிக்காவில் ஸ்கொட், புல்லர் என்ற இரண்டு பேர் வருடக்கணக்காகக் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு புத்தகம் போட்டார்கள். பிறந்து ஏறக்குறைய மூன்றாவது கிழமையிலிருந்து பன்னிரண்டாவது கிழமை வரைக்கும் குட்டி காணுகிற ஆக்களும் மிருகங்களும்தான் பிறகு அதற்குப் பழகின உலகம். அந்தக் காலத்தில் பட்டி மாட்டைக் காணாத குட்டி, பெரிசானதும் மாட்டைக் கண்டால் ஒன்றில் பாயும், இல்லாட்டி ஒளிக்கும். படுவான்கரையில் மாடு காணாமல் ஒரு நாய் எப்படி வாழுறது?

எங்கட டைகர் இப்ப எட்டு மாதம். (ஊரில் பாதி நாய்க்கு இதே பெயர்தான், தெரியும்.) எழும்பி நின்றால் முன்கால் என் தோளில் இருக்கும். கம்பஸ் விட்டு வீட்டுக்கு வாற நாளெல்லாம் விடியவும் பின்னேரமும் அவனைக் குளக்கட்டுக்குக் கூட்டிப் போறன். மற்ற நாள் தம்பி. கட்டில் மீன்காரர், மாடு சாய்க்கிற ஆக்கள், சைக்கிள் பழகுற புள்ளைகள் என்று எல்லாரையும் அவன் மணந்து பார்த்தாயிற்று. இப்ப மாடு வந்தால் இருந்து பார்ப்பான். கொக்கைக் கண்டால் மட்டும் இன்னமும் என் கை கழன்று போகும்.

நாயை விட அதிகம் குரைப்பது ஊர்தான். "ஏன் புள்ள, பொம்புளப் புள்ளைக்கு நாயோட கட்டில என்ன வேலை?" "வேலை இல்லாத வெள்ளைக்காரன்ர பழக்கமெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு கா?" முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லுறதில்லை. பின்னேரம் கட்டில் நடக்கிற உரிமைக்கு நாயைச் சாட்டாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது கேள்வி கேட்கிறவர்களிடம், அவர்களின் அப்புச்சி சேனைக்கும் பட்டிக்கும் போகேக்க பின்னால் போனது என்னவென்று ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.

யானை என்கிற பயம் வேற. அது உண்மையான பயம், சிரிக்க ஒன்றுமில்லை. நாய் யானையைக் குரைத்துக் கிளப்பிவிட்டு உங்களிடமே திரும்பி ஓடி வரும், யானையும் பின்னால் வரும். அதனால் இருட்டினால் காட்டோரம் போவதில்லை, கையில் வார் இல்லாமல் போவதே இல்லை. சங்கிலிக்கு நான் எதிரியில்லை. அதன் மற்ற நுனி மரத்தில் இருப்பதுதான் எனக்குப் பிரச்சினை.

விசர்நாய்க்கடிக்குக் காவல் சங்கிலி என்று நம்புகிறவர்களோடு எனக்குக் கோபமே வருகிறது. இந்த நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது 1893இல். மனிசருக்கு வாற விசர் நோயில் 99 வீதம் வரைக்கும் நாயால் என்றும், நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டால் பரவுவது நிற்கும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊசிக்கு ஆள் வந்தால் "கட்டின நாய்தானே" என்று திருப்பி அனுப்புகிறோம். விசர் பிடித்த தெருநாயோ கீரியோ வளவுக்குள் வந்தால் ஓட முடியாமல் நிற்பது அந்தக் கட்டின நாய்தான்.

மோட்டார் சைக்கிளில் கட்டி ஓட்டுற அண்ணாமாருக்கும் ஒரு சொல். பெரிய இனக் குட்டியின்ர எலும்பு முற்ற ஒரு வருடத்துக்கு மேலே எடுக்கும். அதுவரைக்கும் அந்த ஓட்டம் மூட்டுக்குக் கேடு. நடந்தால் போதும். தார் றோட்டில் உங்கட புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் அதன்ர பாதத்துக்கும் சுடும்.

2007இல் படுவான்கரைச் சனம் வீடு வாசலை விட்டுட்டு வாவிக்கு அங்கால போனது. அவதியில் கையில் அகப்பட்டதை மட்டும் தூக்கினோம், ஆனால் நாயை அவிழ்த்து விட்டுத்தான் போனோம் என்று அம்மம்மா இன்றைக்கும் சொல்லுவா. மாரியில் குளம் நிறைந்து வான்கதவு திறக்கிற அறிவித்தல் வந்தால் கீழ்ப்பக்கத்து ஆக்கள் சாமானை உயரத்தில் ஏற்றுவார்கள், மாட்டைச் சாய்த்துப் போவார்கள். பக்கத்து ஒழுங்கை மாமாவிடம் போன மாரியில் கேட்டேன், தண்ணி வந்தால் மரத்தடி நாயை ஆர் அவிழ்க்கிறது என்று. கொளுக்கி துருப்பிடித்துப் போச்சு, குறடு வேணும் என்றார்.