விருது பெற்றவரும் மீன்பிடித்துக்கொண்டிருந்தவரும்





ரக்பி நம்மில் பலருக்கும் பழக்கமில்லாத விளையாட்டு. அணிக்குப் பதினைந்து பேர். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் தடுப்பை மீறி ஓடுவார்கள். இவ்விளையாட்டில் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி 2008-இல் தொடங்கியபோது, சிறந்த இளம் வீரருக்கான சர்வதேச விருதும் வழங்கப்பட்டது. 2009-இல் அதைப் பெற்றவர் நியூசிலாந்தின் ஆரன் க்ரூடன்.

அதற்கு முந்தைய ஆண்டில், 19 வயதில், அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து களத்திற்குத் திரும்பியவர், 2009-இல் ஜப்பானில் தம் நாட்டின் இளையோர் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். விருது அவருடைய ஆட்டத்திற்குக் கிடைத்தது. நோயுற்ற நாட்களில் அவரைத் தாங்கிய மருத்துவர், தாதியர், குடும்பத்தார் பெயர்கள் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை. எந்த விருதும் அறுவடையைத்தான் காண்கிறது. விதைத்தவர்களையும் நீர் பாய்ச்சியவர்களையும் காண்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2011 உலகக் கோப்பை நியூசிலாந்திலேயே நடைபெற்றது. அணியின் ஆட்டத்தை இயக்கும் 10-ஆம் எண் வீரர் டேன் கார்ட்டர் காயமுற்றார். அவருக்குப் பின் வந்த காலின் ஸ்லேடும் காயமுற்றார். பொறுப்பு க்ரூடனிடம் வந்தது. அக்டோபர் 23 அன்று, ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் பிரான்சுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், முதல் பாதி முடியுமுன்னே முழங்காலில் அடிபட்டு அவரும் வெளியேறினார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் ஸ்டீபன் டொனால்ட். முந்தைய ஆண்டு ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவிடம் அடைந்த தோல்விக்காக ரசிகர்களால் கடுமையாகப் பழிக்கப்பட்டவர் அவர். உலகக் கோப்பைக்கான முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அணி அவரைத் தேடியபோது, அவர் வைக்காட்டோ நதியில் சிறுமீன் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இறுதி ஆட்டத்தில் அவர் உதைத்துச் சேர்த்த மூன்று புள்ளிகளே முடிவைத் தீர்மானித்தன. நியூசிலாந்து 8–7 என வென்றது. 24 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த கோப்பை அது.

இதைத் தேவசித்தத்தின் வெற்றி என்று வியாக்கியானம் செய்ய நான் வரவில்லை. பிரான்சு அணிக்காக ஜெபித்தவர்களும் இருந்திருப்பார்களே! நான் சொல்ல விரும்புவது வேறு. விருது பெற்றது க்ரூடனைக் காயத்திலிருந்து காக்கவில்லை. விருது இல்லாதது டொனால்டைத் தகுதியற்றவராக்கவுமில்லை.

ஈசாயின் வீட்டில் மூத்த குமாரனின் தோற்றத்தைக் கண்ட சாமுவேல், இவனே என்று எண்ணினார். தேவனோ, வயல்வெளியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைக்குட்டியை அழைப்பித்தார். அபிஷேகம் பெற்ற தாவீதும் உடனே சிங்காசனம் ஏறவில்லை, ஆடுகளிடமே திரும்பினான். அழைப்புக்கும் நிறைவேறுதலுக்கும் இடையே நெடுங்காலம் இருந்தது.

பெற்றோரே, இளம் வயதில் கிடைக்கும் பரிசு நல்லது. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரியுங்கள். ஆனால் அதைக் கொண்டு பிள்ளையின் மதிப்பை அளக்காதீர்கள். பதினெட்டு வயதில் கிடைத்த மேடையை வாழ்நாளெல்லாம் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பாரத்தை வென்ற பிள்ளையின் தோளில் ஏற்றாதீர்கள். வெல்லாத பிள்ளையிடம் உன் காலம் முடிந்தது என்று சொல்லாதீர்கள். இரண்டுமே பிள்ளைகளை நொறுக்கும்.

சபைக்கும் இதில் பங்குண்டு. பொதுத்தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றோரைப் பீடத்தின் முன் அழைத்துப் பாராட்டும் ஞாயிறன்று, தேர்வு எழுதிய அனைவரையும் அழைத்து ஜெபிப்போம். தவறியவர்களின் வீட்டுக்கு அந்த வாரமே செல்வோம். வாலிபர் கூட்டத்திலும் பாடகர் குழுவிலும் அவர்கள் கையில் ஒரு பொறுப்பைக் கொடுப்போம். டொனால்டின் எண்ணை அழைக்க யாரோ ஒருவர் நினைத்தபடியால்தான் அவர் களம் கண்டார். நாம் யாரை அழைக்க மறந்திருக்கிறோம்?

கர்த்தர் தாமே நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நடத்துவாராக. ஆமென்.