கோல்ட்ரிஃப் சிரப்: லைசென்ஸ் கொடுத்தது யாருன்னு சண்டை சரி, இழப்பீடு யார் தருவாங்க?

2025 அக்டோபரில் நாடே பேசிய ‘கோல்ட்ரிஃப்’ இருமல் சிரப் ஞாபகம் இருக்கா? மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஸ்ரீசன் ஃபார்மாவில். தமிழக அரசு ஆய்வகம் சோதித்த மாதிரியில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6% இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1% மட்டுமே.

யார் பொறுப்பு?

மருந்துகளுக்கான 1940-ம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசோடது. தொழிற்சாலைக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். அதனால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். உரிமையாளர் கைதானார், லைசென்ஸ் ரத்தானது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மத்தியப் பிரதேச அரசு அறிவித்தது தலா 4 லட்சம் ரூபாய். அதாவது மக்களின் வரிப்பணம்.

அமெரிக்காவில் என்ன நடக்குது?

அங்கே கேள்வியே வேற: மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த மருந்துக்கு எதிரா மாநிலச் சட்டப்படி வழக்கு போட முடியுமா? ஊசி மருந்தால் கையை இழந்த இசைக் கலைஞர் டயானா லெவின் வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம் ‘போடலாம்’ என்றது. 2011-ல் இன்னொரு வழக்கில், ஜெனரிக் மருந்தின் லேபிளில் போதிய எச்சரிக்கை இல்லைன்னு மாநிலச் சட்டப்படி வழக்கு போட முடியாது என்று சொல்லிவிட்டது.

இங்கே தடை இல்லை, ஆனா...

நம்மிடம் அந்தச் சிக்கல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவுப்படி, தயாரிப்பில் குறை இருந்தால் உற்பத்தியாளரே பொறுப்பு. மற்ற சட்டங்களோடு சேர்த்தே இது செல்லும் என்கிறது 100-வது பிரிவு. ஆனால் கம்பெனியைப் பூட்டி, முதலாளி சிறைக்குப் போனபிறகு, தீர்ப்பு வந்தாலும் பணம் எங்கிருந்து வரும்?

பைக் ஓட்டவே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கு 1991 முதல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கு. குழந்தை வாயில் ஊற்றும் மருந்துக்கும் அதே நிபந்தனை வேணும்: காப்பீடு இல்லையா, லைசென்ஸ் இல்லை. பிரீமியம் கட்டணும்னா, காப்பீட்டு நிறுவனமும் ஆலைக்குள்ள எட்டிப் பார்க்கும். இன்ஸ்பெக்டர் தவறவிட்டதை அவர்கள் பிடிக்கலாம்.

முசரவாக்கத்தில் நள்ளிரவில் இருமும் குழந்தைக்கு சிரப் கொடுக்கும் அம்மாவுக்கு, லைசென்ஸ் டெல்லியோடதா சென்னையோடதா என்பது தேவையே இல்லாத விவரம். பாட்டிலுக்குப் பின்னால் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.