குலுக்கலில் எத்தனை வாட்?

வண்டியின் குலுக்கலிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றதும் நம் சாலைகள் எல்லாம் தங்கச் சுரங்கமாகத் தெரிகின்றன. ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்குகிறது. குலுக்கல் சூடாக மாறிக் காற்றில் போகிறது. அந்தச் சூட்டுக்குப் பதில் ஒரு குட்டி ஜெனரேட்டரைச் சுழலவிடுவதுதான் யோசனை. ஜெர்மனியின் ஆடி கார் நிறுவனம் 2016-இல் தன் சோதனைக் கணக்கை வெளியிட்டது: புதிதாகப் போட்ட நெடுஞ்சாலையில் 3 வாட், கரடுமுரடான கிளைச் சாலையில் 613 வாட், சராசரியாக 100 முதல் 150 வாட். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால், 150 வாட் என்றே வைத்தாலும் அரை யூனிட்கூடத் தேறாது. ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் காரில் அது மூன்று கிலோமீட்டர் ஓட்டம். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போய்ச் சேரவே அது பற்றாது.

வீணாகும் சூட்டைத்தானே எடுக்கிறோம், யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சூடே டேங்கில் ஊற்றிய பெட்ரோலிலிருந்து வந்தது. 613 வாட் தரும் சாலை அதைவிடக் கூடுதலாக எரிபொருளிலும் டயரிலும் பயணியின் முதுகெலும்பிலும் வசூலித்துவிடும். பள்ளத்தை அடைப்பதே மலிவான மின்சேமிப்பு. கனரக வண்டியில் கூடுதலாகக் கிடைக்குமே என்பது அடுத்த வாதம். கிடைக்கும், ஆனால் நம் லாரிகள் பலவற்றின் பின்பக்கம் ஷாக் அப்சார்பரே கிடையாது. அடுக்கிய வில்பட்டைகள் ஒன்றோடொன்று உரசித்தான் ஆட்டத்தை அடக்குகின்றன. இதற்குப் பதில் காரின் கூரையில் ஒரு சதுர மீட்டர் சூரியத் தகடு பதித்தால், காவிரி டெல்டா வெயிலில் உச்சிப்பொழுதில் 200 வாட் வரும், வண்டி நின்றிருந்தாலும்.

டயரின் கதை வேறு. டயர் நெளிவிலிருந்து காரின் பேட்டரியையே சார்ஜ் செய்யலாம் என்று குட்இயர் டயர் நிறுவனம் 2015-இல் ஜெனீவா கார் கண்காட்சியில் வைத்த மாதிரி, காட்சிப்பொருளாகவே நின்றுவிட்டது. ஆனால் டயருக்குள் காற்றழுத்தம் பார்க்கும் சென்சாருக்கு வேண்டியது மிகச் சொற்ப மின்சாரம். இப்போது அதற்குள் இருப்பது நாணயம் போன்ற பேட்டரி. அது தீர்ந்தால் டயரைக் கழற்றி, பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் தரையில் பட்டு நெளியும் இடத்தில், அழுத்தினால் மின்னூட்டம் தரும் மெல்லிய படலத்தை ஒட்டினால் அந்தத் தொல்லை தீரும். கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்ட விளைவுதான் இது. இதைச் சோதித்துப் பார்க்கக் காரைக்கால் வட்டாரமே போதும்: திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. வாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் புறப்படுகின்றன. சோதனை தொடங்க வேண்டியது அந்த லாரிகளின் பின் இரட்டைச் சக்கரங்களில். உள்பக்க டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரிவதில்லை. கிளீனர் கம்பியால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்துத்தான் இன்றும் சொல்கிறார்.