பொறுமையா, மனஉறுதியா?

இடம்பெயர்ந்த வன்னி விவசாயக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் அதிகம் கேட்ட சொல் எது? நிவாரணம் அன்று, மீள்குடியேற்றமும் அன்று. "பொறுமையாக இருங்கள்" என்பதே அது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களை விட்டு எழுந்தவர்கள் அதைக் கேட்டார்கள். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடலைக் கடந்து வந்தவர்கள் கேட்டார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தவர்கள் கேட்டார்கள். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டபோது, சொந்தக் காணிக்குப் போக விடப்படாமல் சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்ட கேப்பாப்பிலவு மக்களும் கேட்டார்கள்.

அலுவலகங்கள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. தேர்தல் மேடைகள் சொல்வதிலும் வியப்பில்லை. ஆனால் இதே சொல்லை ஆலயத்தின் மறையுரை மேடையிலிருந்தும் எமது மக்கள் கேட்கிறார்கள். "யோபுவின் பொறுமையைப் பாருங்கள்" என்கிறார்கள். அலுவலகம் சொல்லும்போது அது ஓர் அலுவலரின் பதில். ஆலயத்தில் சொல்லும்போது அது கடவுளின் பதிலாகி விடுகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: விவிலியம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா?

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. எமது பழைய தமிழ் விவிலியங்களில் "பொறுமை" என்று காணப்படும் பல இடங்களில் கிரேக்கத்தில் உள்ள சொல் "ஹுப்பொமொனே". புதிய ஏற்பாட்டில் இச்சொல் 32 தடவை வருகிறது. இதை இரண்டாகப் பிரிக்கலாம். "ஹுப்போ" என்றால் கீழே. "மெனோ" என்றால் தங்கு, நிலைத்திரு. பாரத்தின் கீழ் நின்றுகொண்டே இருப்பது, இடத்தை விட்டு அகலாதிருப்பது என்பதே இதன் பொருள்.

இச்சொல்லின் வினை வடிவம் லூக்கா 2:43இல் வருகிறது. பாஸ்காத் திருவிழா முடிந்து பெற்றோர் ஊர் திரும்பியபோது, 12 வயதுச் சிறுவன் இயேசு எருசலேமிலேயே தங்கிவிட்டார் என்று லூக்கா எழுதுகிறார். "தங்கிவிட்டார்" என்பதற்கு அவர் ஆண்ட சொல் இதே சொல்தான். அங்கே "பொறுமையாக இருந்தார்" என்று எவரும் மொழிபெயர்ப்பதில்லை. மொழிபெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். அவர் ஓரிடத்தில் நின்றார். அங்கே போதகர்களோடு பேசினார், கேள்வி கேட்டார்.

இன்னுமொரு செய்தி. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம், 2ஆம் நூற்றாண்டுகளில், தம் நாட்டுக்கு வெளியே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள் தம் மறைநூலை எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 71ஆம் திருப்பாடலின் 5ஆம் வசனத்தில் எபிரேயம் கடவுளை "என் நம்பிக்கை" என்று அழைக்கிறது. அங்கே கிரேக்கத்தில் அமைந்த சொல் "ஹுப்பொமொனே". ஆகவே நம்பிக்கையின் காரணமாக நிற்பது என்ற பொருளும் இச்சொல்லுக்குள் சேர்ந்தது. பின்னர் பவுலடியார் உரோமையருக்கு எழுதியபோது (5:3-4) துன்பத்திலிருந்து தொடங்கி நம்பிக்கையில் முடியும் ஒரு படிவரிசையைக் காட்டினார். அதன் நடுவில் அவர் வைத்த படி இச்சொல்தான்.

அப்படியானால் காத்திருப்பதற்குக் கிரேக்கத்தில் சொல்லே இல்லையா? உண்டு. அது வேறொரு சொல்: "மக்ரோதுமியா". சினம் கொள்ளத் தாமதித்தல், நெடுநேரம் ஆறியிருத்தல் என்பது அதன் பொருள். இந்த இரண்டு சொற்களும் யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வருகின்றன. 7ஆம் வசனத்தில் யாக்கோபு ஒரு கமக்காரனைக் காட்டுகிறார். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் அவன் காத்திருக்கிறான். அங்கே வருவது "மக்ரோதுமியா". 11ஆம் வசனத்தில் அவர் யோபுவைக் காட்டுகிறார். அங்கே வருவது "ஹுப்பொமொனே". இரண்டு ஆட்கள், இரண்டு நிலைமைகள், இரண்டு சொற்கள்.

கமக்காரன் காத்திருப்பது எதற்கு என்று உங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மானாவாரி வயலில் புழுதி விதைப்புச் செய்தவர், வரம்பு கட்டியவர், பன்றிக்கும் யானைக்கும் இரவெல்லாம் காவல் இருப்பவர்தான் மழைக்குக் காத்திருக்கிறார். மழையோடு சண்டை பிடிக்க முடியாது. ஆகவே அங்கே ஆறியிருத்தல் பொருத்தம். ஆனால் யோபுவின் நிலை வேறு. அவர் உடைமைகளையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்தவர். அவர் வாய்மூடி இருந்தாரா? 3ஆம் அதிகாரம் தொடக்கம் 31ஆம் அதிகாரம் வரை புரட்டிப் பாருங்கள். தம் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களின் உபதேசத்தை ஏற்க மறுக்கிறார். ஆனால் கடவுளை விட்டு அவர் விலகவில்லை. முடிவில் (42:7) கடவுள் கண்டித்தது அந்த நண்பர்களைத்தான். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே என்றார். யோபுவின் "பொறுமை" அத்தகையது.

இந்த இரு சொற்களும் எப்படி ஒன்றாயின? 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகத் தொடங்கிய இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தா, உரோமையர் திருமுகத்தில் "ஹுப்பொமொனே"யை "பாத்தியென்சியா" என்று எழுதியது. அச்சொல்லின் வேர் "துன்புறு" என்னும் வினை. யாக்கோபுவின் கமக்காரனுக்கும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே வந்தது. 1546இல் திரெந்து பொதுச்சங்கம் வுல்காத்தாவை அதிகாரபூர்வ ஏடாக ஏற்றபின், கத்தோலிக்கருடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்புகள் அதையே தழுவி அமைந்தன. கிரேக்கத்தில் "நிற்றல்" முன்னே இருந்தது. இலத்தீனில் "படுதல்" முன்னே வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே வழியில் போனது.

மறுபுறம், கிரேக்கத்திலிருந்து நேரே தமிழுக்குக் கொணரும் முயற்சியைச் சீர்திருத்த சபையினர் முன்னரே தொடங்கியிருந்தனர். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் நிறைவாக அச்சேறியது. எமது நாட்டவரான பிலிப்பு தெ மெல்லோவின் மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பில் அச்சானது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரும் உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. இவற்றுக்குப் பின் 1871இல் நிறைவுற்று, இன்றும் பல வீடுகளில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில், உரோமையர் 5இலும் யாக்கோபு 5:11இலும் "பொறுமை" என்றே உள்ளது. யாக்கோபு 5:7இல் "நீடிய" என்ற ஓர் அடைமொழி மாத்திரம் கூடுகிறது. வாசிப்பவர் காதில் கமக்காரனும் யோபுவும் ஒரே வேலையைச் செய்கிறார்கள்.

இதற்காக அப்பெரியோரைக் குறை கூறுவது நியாயம் அன்று. "பொறுத்தல்" என்ற தமிழ்ச் சொல் பழங்காலத்தில் சுமத்தலையும் குறித்தது. "பொறை" என்றால் பாரம். திருக்குறளின் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. அதன் முதற் குறளில் வள்ளுவர் காட்டும் உவமை நிலம். தன்னைத் தோண்டுகிறவரையும் விழவிடாமல் சுமக்கும் நிலம். பாரத்தின் கீழ் அசையாமல் நிற்பது என்ற கிரேக்கச் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய சொல் அன்று தமிழில் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. தேய்ந்துபோனது சொல்லின் பொருள். நிலத்தைப் போல் தாங்கி நிற்றல் என்றிருந்த சொல், "கதைக்காமல் இரு", "பிறகு வா" என்று சுருங்கிப்போனது. அதிகாரம் உள்ளவர் அதிகாரம் அற்றவரைப் பார்த்துச் சொல்லும் சொல்லாக அது ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்த சொல்லுக்கு, அதை ஆளுகிறவர்கள் பிற்காலத்தில் வேறு பொருள் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவேதான் ஒரே நூலை ஒவ்வொரு தலைமுறையும் திரும்ப மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், மூல மொழிகளிலிருந்து மொழிபெயர்க்கவும், பிரிந்த சகோதரர்களோடு சேர்ந்து அதைச் செய்யவும் வழி திறந்தது. அதன் கனியாக 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், உரோமையர் 5இல் "பொறுமை"யை விட்டு "மனஉறுதி" என்று எழுதியது. இது பெரிய திருத்தம். ஆனால் இதிலும் ஒரு குறை உண்டென்பது எமது கருத்து. கிரேக்கச் சொல்லில் "மனம்" இல்லை. அது காலூன்றி நிற்பதைச் சொல்கிறது. "மனஉறுதி" என்னும்போது அது உள்ளத்துக்குள் அடங்கிவிடக்கூடும். உள்ளத்தில் உறுதியாய் இருந்துகொண்டு, வெளியே ஒன்றும் செய்யாமலும் இருக்கலாமே.

எனினும் எமது நாட்டுத் தமிழில் "உறுதி" என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. காணிப் பத்திரத்தை நாம் "உறுதி" என்கிறோம். இதை நினைக்கும்போது எரேமியா 32ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. எரேமியாவோ காவலில் இருக்கிறார். அந்த வேளையில் அவர் அனத்தோத்தில் உள்ள உறவினரின் வயலை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் முன் உறுதி எழுதி, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைத்து நீண்டகாலம் காக்கச் சொல்கிறார். நம்பிக்கையோடு நிற்பதென்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா? அவருடைய மனஉறுதி ஒரு காணி உறுதியாக வெளியே வந்தது.

எமது மண்ணிலும் இதைக் கண்டிருக்கிறோம். 2017 ஜனவரி 31இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன்னால் வீதியோரத்தில் பிள்ளைகளோடு அமர்ந்தார்கள். வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் எழும்பவில்லை. மார்ச் 1இல் தங்கள் காணிக்குள் காலடி வைத்தார்கள். அடுத்திருந்த கேப்பாப்பிலவு மக்களின் போராட்டம் ஆண்டுக் கணக்காக நீண்டது. 1992இல் இரணைதீவை விட்டு வந்து முழங்காவில் இரணைமாதா நகரில் காத்திருந்த கடற்றொழிலாளர் குடும்பங்கள், 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தங்கள் தீவுக்குப் போய் இறங்கி, அங்கேயே தங்கினார்கள். லூக்கா எழுதிய அதே வினைச்சொல்தான்: தங்கிவிட்டார்கள்.

பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் அறிந்திருப்போம். தனியார் காணியொன்றை வேறொருவர் 10 ஆண்டுகள் தடையின்றித் தமதாக ஆண்டுவந்தால் அவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது இந்நாட்டுச் சட்டம். போர்க்காலத்தில் வழக்கிட முடியாமற் போனவர்களுக்காக 2016இல் பாராளுமன்றம் விசேட சட்டமொன்றையே இயற்ற வேண்டியிருந்தது. 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணிகளாகும் என்றது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அவற்றில் அடங்கும். மக்கள் குரல் எழுப்பினர், வழக்கும் தொடரப்பட்டது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. அந்த 3 மாதமும் "பொறுமையாக" இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒரு வார்த்தையைத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். நிலைத்து நிற்றல் பகை வளர்ப்பதன்று; வன்முறையும் அன்று. "மக்ரோதுமியா" என்ற மற்றச் சொல்லையும் விவிலியம் எமக்குத் தந்திருக்கிறது. அது எமக்குள்ளேயே தேவைப்படுகிறது. 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல இன்னும் காணிப் பத்திரம் இன்றி வாழ்கின்றன. ஒருவர் இடம்பெயர்ந்த காணியில் இன்னொரு இடம்பெயர்ந்தவர் குடிசை போட்டிருக்கிறார். வேலிச் சண்டை, எல்லைச் சண்டை, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை இவற்றிலெல்லாம் சினத்தை அடக்கி அயலவரோடு பேசித் தீர்க்கும் பொறுமை வேண்டும். அயலவரிடம் பொறுமை, அநீதியின் முன் அசையாமை: இரண்டையும் இடம் மாற்றிவிடக் கூடாது. எமது துன்பமே அவை இடம் மாறிக் கிடப்பதுதான். அதிகாரியின் முன் பொறுமையாகவும், அயலவரின் முன் அசையாமலும் நிற்கிறோம்.

ஆகவே மறையுரை ஆற்றுவோரையும் மறைக்கல்வி ஆசிரியர்களையும் நாம் வேண்டுவது இது. காணி இழந்தவர் முன்னிலையில் "பொறுமை" என்ற சொல்லை எடுக்குமுன், அந்த வசனத்தில் இருப்பது எந்தச் சொல் என்று பாருங்கள். கமக்காரனின் சொல்லா, யோபுவின் சொல்லா? அன்பியக் கூட்டங்களில் யாக்கோபு 5:7-11ஐயும் எரேமியா 32ஐயும் சேர்த்து வாசித்துக் கலந்துரையாடுங்கள்.

குடும்பங்களை வேண்டுவதும் ஒன்றுண்டு. உறுதியோ, அனுமதிப்பத்திரமோ, பழைய பங்கீட்டு அட்டையோ, வரிப் பற்றுச்சீட்டோ எது இருந்தாலும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் முறையிட்டு, முறையிட்ட திகதியோடு பிரதியை வைத்திருங்கள். அடுத்த முறை ஓர் அலுவலகத்தில் "பொறுமையாக இருங்கள்" என்றால், கோபிக்க வேண்டாம். "எந்தத் திகதி வரை?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கும் வரை அங்கேயே நில்லுங்கள்.