ஈரக் காலோடு எத்தனை நாள்?

தென்மேல் பருவ மழை தொடங்கிவிட்டது. மேற்கு மலைத் தோட்டங்களில் செப்டெம்பர் வரை இனிக் காலில் ஈரம் காயாது. ஊவாப் பக்கத்துத் தோழர்களுக்கு இதே கதை வடகீழ் மழையோடு வரும்.

சென்ற மாதம் மாதர் குழுக் கூட்டத்தில் சம்பளப் பேச்சு முடிந்து எழும்பும்போது, ஓர் அக்கா காலைச் சேலைக்குள் இழுத்து மறைத்ததைக் கண்டோம். கேட்டதும் தயங்கித் தயங்கிக் காட்டினார். பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அவர் காட்டியதும் இன்னும் நான்கு பேர் செருப்பைக் கழற்றினார்கள். கலியாண வீட்டுக்குப் போவதென்றால் நகப்பூச்சுப் பூசி மறைப்பதாக ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். மறைத்தால் அது போவதில்லை.

இது பெரும்பாலும் பங்கசுத் தொற்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளெல்லாம் ஈரத்தில் நிற்பவர்களுக்கு வருவது. முதலில் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாக வெள்ளையாய் ஊறி அரிக்கும். மழைக்காலத்தில் இது சகஜம் என்று விட்டுவிடுகிறோம். அங்கிருந்து அது நகத்துக்கு அடியில் போய்க் குடியேறுகிறது. கால் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாய் வளர ஓராண்டுக்கு மேல், சிலருக்கு ஒன்றரை ஆண்டும் செல்லும். அதனால்தான் நகத்துக்குள் போனதை விரட்டுவது பெரும்பாடு. மாத்திரை என்றால் சுமார் 3 மாதம். அதையும் ஈரலின் நிலையைப் பார்த்து வைத்தியர்தான் தரவேண்டும். விரலிடுக்கிலேயே நிறுத்துவது இலேசு. டிஸ்பென்சரியில் தரும் பங்கசுக் களிம்பை, அரிப்பு நின்றவுடன் விட்டுவிடாமல், சொன்ன நாள்வரை பூசுங்கள். கடையில் கேட்டு வாங்கும் சில அரிப்புக் களிம்புகளில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், பங்கசு பரவும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு வைத்தியமும் வேண்டாம், தோல் வெந்துபோகும்.

மலையால் வந்ததும் கால் கழுவத்தான் செய்கிறோம். துடைப்பதில்தான் குறை. ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரம் போகத் துடைக்க வேண்டும், அவரவர் துணியால். ஒரே நகவெட்டி லயம் முழுக்கச் சுற்றிவருவதையும் நிறுத்துவோம். பூட்ஸ் போடுகிறவர்கள் நேற்றைய ஈர மேஸை இன்றும் மாட்டக் கூடாது. பாடசாலையில் நாம் தினம் பார்க்கிறோம்: ஒரே சோடி வெள்ளைச் சப்பாத்து, நனைந்தது காயாமலே மறுநாளும் வருகிறது. இரவில் அதற்குள் பத்திரிகைக் கடதாசியைத் திணித்து வையுங்கள், ஈரத்தை இழுக்கும்.

சீனி வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெடிப்பின் வழியே கிருமி புகுந்து புண்ணானால் விரலையே எடுக்கும் நிலை வரலாம். கிளினிக் நாளில், கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள். தடித்த நகமெல்லாம் பங்கசு அல்ல. கல்லில் இடித்தாலும் அப்படியாகும். ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் சுணங்காமல் ஆசுபத்திரிக்குப் போங்கள்.

தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்லி நிறுத்தினால் இது சங்கப் பத்திரிகை அல்ல, டிஸ்பென்சரிச் சுவரொட்டி. எட்டு மணிநேரம் ஈரப் புல்லில் நிற்கவைப்பது யார்? தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பு என்று 1912ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் போட்ட நாடு இது. மருந்தடிப்பவர்களுக்கு மட்டுமன்றிக் கொழுந்தெடுப்போருக்கும் பூட்ஸ், கொழுந்து மடுவத்தில் கால் கழுவ ஒரு குழாய், உட்கார்ந்து துடைக்க ஒரு வாங்கு. நாம் கேட்பது இவ்வளவுதான்.

நிர்வாகத்தோடு அடுத்த பேச்சில் இதை வைக்கப் போகிறோம். வெறுங்கையோடு போனால் "யாரும் முறையிடவில்லையே" என்பார்கள். ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பூட்ஸ் இல்லாதவர்களின் எண்ணிக்கையைக் கால் அளவோடு இம்மாத முடிவுக்குள் எழுதி அனுப்புங்கள். நகத்தில் நோய் உள்ளவர்களின் பெயர் வேண்டாம், எத்தனை பேர் என்பது போதும்.