அளப்பது யார்? அளவு யாருக்கு?

செருப்புக்கும் கம்ப்யூட்டர் வந்தாகிவிட்டது. ஒரு பெட்டிக்குள் காலை வைத்தால் போதும். லேசர் வெளிச்சம் பாதத்தின் மேல் ஓட, கேமராக்கள் அதைப் பார்த்து நீளம், அகலம், உள்வளைவு எல்லாவற்றையும் சில நொடிகளில் கணக்காக்கிவிடுகின்றன. அந்தக் கணக்கை வைத்து ஒரு இயந்திரம் அச்சுக்கட்டையைக் கடைகிறது. இன்னொன்று உள்அட்டையை அடுக்கடுக்காக வார்த்துத் தருகிறது. துணியிலும் இதே கதைதான். மின்சாரம் கடத்தும் இழையைச் சேர்த்து நெய்து, உடுத்தியவரின் நெஞ்சுத் துடிப்பை அளக்கிற சட்டை வந்துவிட்டது. ‘ஸ்மார்ட் உடை’ என்கிறார்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தொழில்நுட்பம் என்றாலே எதிரி என்று பேசும் தோழர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனா சாதி இருக்கிற நாட்டில் புதுசாக ஒரு கருவி வரும்போது நாம் கேட்டே ஆக வேண்டும்: அளப்பவர் யார், அளக்கப்படுபவர் யார், அந்தக் கணக்கு யார் கைக்குப் போகிறது?

சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியக் கால்களுக்கென்று ‘பா’ என்ற புது அளவுமுறையை முன்வைத்திருப்பதாக 2024இல் செய்தி வந்தது. வெள்ளைக்காரன் அளவு நம்ம காலுக்குச் சேராது, நம்ம பாதம் அகலமானது என்பது முடிவு. நல்ல வேலைதான். ஆனா தெருமுனையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிறவரைக் கேட்டிருந்தால் அவரும் இதைச் சொல்லியிருப்பார். காகிதத்தில் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, தேய்ந்த பழைய செருப்பைப் புரட்டிப் பார்த்து, ‘உனக்குக் குதிகால்ல பாரம் அதிகம்பா’ என்று சொல்பவர் அவர். அதுவும் அறிவுதான். சாதி அதைக் குலத்தொழில் என்று சொல்லி இழிவாக்கியது. அதே அறிவு கம்ப்யூட்டர் திரைக்குப் போனதும் டிசைன் என்று பெயர், பட்டம், சம்பளம். தோலைத் தொட்டவன் தீட்டு. தோலின் படத்தைத் தொட்டவன் டிசைனர்!

எங்களைச் செருப்புத் தைக்க வைத்த சமூகம்தான் எங்களைச் செருப்புப் போட விடாமலும் தடுத்தது. பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் இராஜாவூரில், ஆதிக்கச் சாதித் தெரு ஒன்றில் தலித் மக்கள் சுமார் 60 பேர் கூட்டமாகச் சேர்ந்து செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில் செய்தியானது. காலில் செருப்புப் போட்டு நடப்பதே போராட்டமாக இருக்கிற ஊரில், மில்லிமீட்டர் சுத்தமாக யாருடைய காலை அளக்கப் போகிறீர்கள்?

காலுக்குப் பொருந்துகிற செருப்பு பணக்காரனின் சொகுசு மட்டுமில்லை. தொழுநோயிலும் சர்க்கரை நோயிலும் பாதத்தில் உணர்ச்சி மரத்துவிடும். சின்னக் கல் குத்தினாலும் தெரியாது. பாரம் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் புண்ணாகும். கடைசியில் காலையே எடுப்பார்கள். பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும் எம்.சி.ஆர். செருப்பு அதற்காகத்தான் இருக்கிறது. பாத அழுத்தத்தை அளக்கும் கருவி முதலில் வர வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. அங்கே அதை இயக்கி அட்டை வார்க்கும் நிரந்தர வேலை, தோல் தெரிந்த நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியோடு வேண்டும்.

இனி உடைக்கு வருவோம். உடம்பில் மாட்டும் கருவி நம் மக்களிடம் எந்த வடிவில் வந்தது தெரியுமா? நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர் கையில் ஜி.பி.எஸ். கடிகாரமாக வந்தது. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதெல்லாம் அதிகாரியின் திரையில். 2020இல் சண்டிகர் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். வெயிலில் தொழிலாளியின் உடம்பு எவ்வளவு சுடுகிறது என்று அந்தக் கடிகாரத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். மத்திய அரசு அறிவிக்கிற கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் அந்த வேலையைச் செய்பவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்று அதில் விளக்கம் இருக்கிறது. அதாவது உடையை மாட்டிவிட்டால் வேலை அப்படியே இருக்கும், பெயர் மட்டும் போய்விடும். நாளைக்கு ஒரு ஸ்மார்ட் உடையைக் கொண்டுவந்து, ‘இப்ப இறங்குப்பா, எல்லாம் பத்திரம்’ என்பார்கள். குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மோப்ப உணர்வே செத்துப்போகும். மூக்கை நம்ப முடியாது. அதனால் வாயு அளக்கும் கருவி தேவைதான். ஆனா அதை மனிதனின் உடம்பில் கட்டி இறக்காதே. மனிதன் இல்லாமல் கருவியை மட்டும் இறக்கு. 2018இலேயே கேரளத்தில் ‘பண்டிகூட்’ என்ற ரோபோ பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தால் போதாது, சாவு நிற்க வேண்டும்.

தோல் தொழில்நுட்பமும் மின்னணுவியலும் படிக்கிற மாணவத் தோழர்களே, இந்தப் படிப்பை விட்டுவிடாதீர்கள். அப்பன் தொழில் என்று கூச்சப்படவும் வேண்டாம். அப்பன் தொழிலையே செய் என்று எவனாவது சொன்னால் கேட்கவும் வேண்டாம். போய் உட்கார வேண்டியது வடிவமைக்கிற நாற்காலியில். அங்கே உட்கார்ந்ததும் மூன்றைக் கேளுங்கள். உடம்பிலிருந்து எடுக்கும் கணக்கு முதலில் அந்த உடம்புக்காரருக்குத் தெரிய வேண்டும். அவர் ஒப்புதல் இல்லாமல் அது மேஸ்திரிக்கோ அதிகாரிக்கோ போகக் கூடாது. மலக்குழியில் மனிதரை இறக்குவதற்கென்று எந்த உடையையும் நம் கையால் வடிவமைக்கக் கூடாது.