பிறந்த நாள் முதல்

வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் முதல் ஆறாண்டு உரிமைக்கான கொள்கைப் பிரகடனம்

குழந்தையின் உரிமை அதன் முதல் மூச்சோடு பிறக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறும் நாள்வரை அது காத்திருப்பதில்லை. இந்த உண்மையின்மேல் எங்கள் இயக்கம் எழுகிறது. பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர்கள், சிறப்பாசிரியர்கள், இயன்முறை மருத்துவர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், தங்கள் உரிமையைத் தாங்களே பேசும் மாற்றுத்திறனாளிகள் ஆகிய நாங்கள் ஒரே குரலில் அறிவிக்கிறோம்: வளர்ச்சித் தாமதமுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஆரம்பநிலை இடையீடு பிறப்புரிமை. அதை வழங்குவது அரசின் கடமை. அதைக் காப்பது சமூகத்தின் பொறுப்பு.

காத்திருப்பின் காலம் முடிந்தது. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்ற ஆறுதலும், "போகப் போகச் சரியாகிடும்" என்ற அறிவுரையும் தலைமுறைகளின் பொன்னான மாதங்களை விழுங்கின. கண்டறியும் முன்பு அலட்சியம் ஆண்டது. கண்டறிந்த பின்பு தனிமை ஆண்டது. சான்றிதழ் கிடைத்த வீட்டுக்குச் சேவை கிடைக்கவில்லை. சேவை கிடைத்த ஊருக்குப் பேருந்து கிடைக்கவில்லை. அந்தப் பழைய ஒழுங்கின் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அதோடு வழக்காட எங்களுக்கு நேரமில்லை. எங்கள் குழந்தைகளுக்கு அதைவிடவும் நேரமில்லை.

அறிவியல் எங்கள் பக்கம் நிற்கிறது. இரண்டு வயதுக்குள் குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதரின் மூளை அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அனுபவம் நரம்பிணைப்புகளை உருவாக்குகிறது. பயன்பாடு அவற்றை உறுதிப்படுத்துகிறது. ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் இடையீடு என்பது உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. திருவனந்தபுரத்தில் உருவான வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை, முதல் இரண்டு வயதின் வளர்ச்சியை 17 செயல்களில் அளந்துவிடுகிறது. அளவுகோல் இருக்கிறது, அறிவு இருக்கிறது. எஞ்சியிருப்பது மன உறுதி மட்டுமே.

வரலாறும் எங்கள் பக்கம் நிற்கிறது. 1982-இல் சத்துணவுத் திட்டத்தை விரிந்த அளவில் தொடங்கி, குழந்தையின் பசியைப் பொதுப் பொறுப்பாக்கிய தமிழ்நாட்டு மண் இது. வீடு வீடாகச் சொட்டு மருந்து கொண்டுசென்ற பணியாளர்களின் கால்களால், 2014-இல் போலியோ இல்லாத நாடென்று இந்தியா சான்று பெற்றது. பசியை வெல்ல வாசல்வரை சென்ற கைகள், முடக்கத்தை வெல்ல வாசல்வரை சென்ற கால்கள், தாமதத்தை வெல்லவும் அதே வாசலுக்கு வர முடியும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்துக் குழந்தையின் வீட்டுக்கே சேவையைக் கொண்டுசெல்கிறது. எதிர்காலத்தின் வடிவம் இம்மண்ணில் முன்பே முளைத்திருக்கிறது. அதை எல்லா ஊருக்கும் உரியதாக்குவதே எங்கள் பணி.

நாங்கள் ஏற்பவை

குடும்பத்தின் முதன்மையை நாங்கள் ஏற்கிறோம். வாரம் ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்ப்பவர் வல்லுநர். வாரம் முழுவதும் பார்ப்பவர் தாய். பத்து மாதமாகியும் உட்காராத குழந்தையை எண்ணிப் பாருங்கள். பாயில் கால் நீட்டி அமர்ந்த தாய், தன் தொடைகளுக்கிடையே குழந்தையை இருத்தி, அதன் முதுகைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறாள். வலப்பக்கம் வளையலைக் குலுக்குகிறாள், குழந்தை திரும்புகிறது. இடப்பக்கம் குலுக்குகிறாள், உடல் சாய்கிறது, கை தரையில் ஊன்றுகிறது, மெல்ல நிமிர்கிறது. கழுத்தும் இடுப்பும் கண்ணும் காதும் ஒருசேரக் கற்கும் அந்தப் பத்து நிமிடம் முழுமையான பயிற்சி. குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு என்று பெயர் சொல்வது மொழிப் பயிற்சி. இட்லித் துண்டைத் தானே எடுத்து உண்ண விடுவது விரல்களின் பயிற்சி. வல்லுநரின் அறிவு தாயின் கைக்கு வந்துசேரும்போதுதான் சேவை நிறைவடைகிறது. அந்தக் கடமையில் தந்தைக்கும் சம பங்கு உண்டு. தாயின் தோளில் மட்டும் ஏற்றப்படும் சுமையை நாங்கள் சேவை என்று அழைக்க மாட்டோம்.

அங்கன்வாடியின் மேன்மையை நாங்கள் ஏற்கிறோம். 1975 அக்டோபர் 2 அன்று பிறந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களாக வேர்விட்டிருக்கிறது. எடை பார்க்கும் இடம் வளர்ச்சி பார்க்கும் இடமாகட்டும்; சத்துமாவு கிடைக்கும் இடத்தில் பயிற்சியும் கிடைக்கட்டும். எல்லாக் குழந்தைகளும் பாடும் வட்டத்தில் எங்கள் குழந்தைகளும் அமர்வார்கள்.

குழந்தையின் முழுமையை நாங்கள் ஏற்கிறோம். நடக்கும் குழந்தையும் சக்கர நாற்காலியில் நகரும் குழந்தையும், வாயால் பேசும் குழந்தையும் சைகையால் பேசும் குழந்தையும் மதிப்பில் சமம். இடையீட்டின் நோக்கம் பங்கேற்பு. அதன் அளவுகோல் மகிழ்ச்சி.

நாங்கள் மறுப்பவை

இரக்கத்தின் ஆட்சியை மறுக்கிறோம். நன்கொடையாளரின் மனநிலைக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் உதவி, உரிமையின் இடத்தை நிரப்பாது.

பழியின் பண்பாட்டை மறுக்கிறோம். முன்வினை என்றும், தாயின் குறை என்றும், கைபேசி கொடுத்த தவறு என்றும் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எந்தச் சொல்லையும் ஏற்க மாட்டோம். பழி வீட்டை மூடுகிறது. அறிவு வீட்டைத் திறக்கிறது.

அற்புதங்களின் வணிகத்தை மறுக்கிறோம். ஆட்டிசத்தை அடியோடு மாற்றுவதாக வாக்களிக்கும் ஊசியும் மருந்தும் பெற்றோரின் நம்பிக்கையைச் சுரண்டுகின்றன, குழந்தையின் காலத்தைக் கொள்ளையிடுகின்றன.

சான்றிதழின் சர்வாதிகாரத்தை மறுக்கிறோம். 40 விழுக்காடு குறைபாடு என்ற கோடு சலுகைகளுக்கு எல்லையாக இருக்கலாம்; குழந்தையின் வளர்ச்சிக்கு எல்லையாக இருக்க முடியாது. சந்தேகம் எழும் நாளே சேவை தொடங்கும் நாள். நோயின் பெயர் பின்னர் வரட்டும். உதவி முன்னர் வரட்டும்.

நாங்கள் கோருபவை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வரிசைப்படுத்தியது. வளர்ச்சித் தாமதம் அந்த வரிசையில் தனி இடம் பெறவில்லை. இலவசக் கல்வி உரிமையை அச்சட்டம் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை வரையறுத்தது. 2002-இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, முதல் ஆறாண்டுகளை அரசின் முயற்சி என்ற அளவில் நிறுத்தியது. முயற்சி உரிமையாக வேண்டும். ஆறு என்ற வாசல் பிறப்பு என்ற வாசலாக வேண்டும்.

அதே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குழந்தைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்கக் கட்டளையிடுகிறது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், நடமாடும் மருத்துவக் குழுக்களையும் மாவட்ட இடையீட்டு மையங்களையும் ஏற்படுத்தியது. கண்டறியும் கண்ணைத் திட்டம் தந்தது. தாங்கும் கையை இனி ஊரெங்கும் தர வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மையம், ஒவ்வொரு மையத்திலும் முழு வல்லுநர் குழு, வர இயலாத குழந்தைக்கு வீட்டுச் சேவை, வரும் குடும்பத்துக்குப் பயணப்படி: இவை எங்கள் அடிப்படைக் கோரிக்கைகள். பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையோடு, சேவை பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கையையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்குப் பயிற்சியும் வேண்டும், அந்தப் பயிற்சிக்கேற்ற ஊதியமும் வேண்டும். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையும், அடுத்த பரிசோதனை நாள் குறிக்கப்பட்டே திரும்ப வேண்டும்.

இவற்றை நாங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க மாட்டோம், கட்டியெழுப்பவும் செய்வோம். கிராமசபையில் பேசுவோம், சட்டமன்றத்தை அணுகுவோம், தேவையெனில் நீதிமன்றத்தின் படியேறுவோம். பெற்றோருக்குப் பெற்றோர் துணையாவோம், ஊருக்கு ஊர் ஆசானாவோம். கல்வி எல்லோருக்கும் என்று வென்ற மக்களாட்சி, வளர்ச்சி எல்லோருக்கும் என்று வெல்லாமல் ஓயாது. இன்று பிறக்கும் குழந்தைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனை அதன் ஆறாவது வயதுக்கு முன்பே தீர்ப்போம்.